காலியாகக் கிடந்த கட்டில்

சிவப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. மூடியின் ஒரு பக்கக் காது உடைந்துவிட்டதால் பழைய பாவாடை நாடாவால் இறுக்கிக் கட்டியிருக்கும். எங்கள் தங்குமிடத்தின் சாமான் அறையில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால், சுவரை ஒட்டி அது இருந்தது. உள்ளே சில சேலைகள், ஒரு துண்டு, பவுடர் டப்பா, கைக்கு அடக்கமான கண்ணாடி. சாமான் அறையைத் தினமும் சாயங்காலம் பூட்டிவிடுவோம். அதனால் அந்த வாளியை எலி கடித்ததில்லை, மழை நனைத்ததில்லை, யாரும் திருடிக்கொண்டு போனதில்லை. வாளியின் சொந்தக்காரர் மட்டும் இருட்டுவதற்கு முன்னால் கேட்டைத் தாண்டி வெளியே போய்விட வேண்டும்.

அவர்தான் எங்கள் சமையல் அக்கா. கிழக்கேகோட்டையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த அந்தத் தங்குமிடம் வீடில்லாத பெண்களுக்கானது. ஒரு தனியார் அறக்கட்டளை நடத்தியது. படிப்பு முடிந்து நான் முதன்முதலாகச் சேர்ந்த வேலை அங்கேதான். கேஸ் ஒர்க்கர் என்று பெயர். வருகிற பெண்களிடம் பேசி, அவர்களுடைய கதையைக் கேட்டு, மருத்துவமனைக்கோ உறவினர் வீட்டுக்கோ வேலைக்கோ வழி செய்ய வேண்டும். என் வீட்டில் தமிழ் பேசுவோம் என்பதற்காகவே என்னை எடுத்தார்கள். கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் தமிழ் ஊர்களிலிருந்து எல்லை தாண்டி வந்து, கை கால் விழுந்தபின் தெருவுக்கு வந்துவிட்ட பெண்கள் அங்கே பலர் இருந்தார்கள். அவர்கள் சொல்வது, அந்த இடத்தை நிர்வகித்த மலையாளி சூப்பிரண்டு மேடத்துக்குப் பாதிதான் புரியும். மீதிப் பாதிக்கு நான்.

அக்காவுக்கு நாகர்கோவில் பக்கம். ஆணாகப் பிறந்தவர் என்று ஊர் சொல்லும். தான் என்றைக்குமே பெண்தான் என்று அவர் சொல்வார். சின்ன வயதிலேயே இந்த நகரத்துக்கு ஓடிவந்து, சாலை என்று பெயருள்ள கடைத்தெருவில் ஹோட்டல் ஹோட்டலாகச் சமையல்கட்டில் நின்றிருக்கிறார். சட்டையும் கைலியும் கட்டியிருந்தவரை எல்லா ஹோட்டலுக்கும் அவர் வேண்டியிருந்தது. ஒரு நாள் சேலை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அன்றோடு எந்த ஹோட்டலுக்கும் வேண்டாதவரானார். எங்கள் தங்குமிடத்தில் அப்போது சமையலுக்கு ஆள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. சூப்பிரண்டு அவரைச் சேர்த்துக்கொண்டார். இதைச் செய்ய அந்தக் காலத்தில் துணிச்சல் வேண்டும். அந்த அளவில் சூப்பிரண்டு நல்லவர்தான். ஆனால் தங்குமிடம் பெண்களுக்கானது என்று விதி. அக்கா சமைக்கலாம், பரிமாறலாம், பாத்திரம் கழுவலாம், முடியாதவர்களைக் குளிப்பாட்டிவிடலாம். படுக்க முடியாது.

வாடகைக்கு அறை கிடைக்காதா என்று கேட்பீர்கள். கிடைத்திருக்கிறது. ரயில் பாதையோரம் ஒரு லைன் வீட்டில் கொஞ்ச காலம் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து போய்ச் சொன்னதும் வீட்டுக்காரர் பூட்டை மாற்றிவிட்டார். அதற்கு அப்புறம் அவர் கேட்ட இடங்களில் எல்லாம் முன்பணம், மாத வாடகை என்று பேச்சு சுமுகமாகப் போகும். நேரில் போய் நின்றதும் அந்த அறை நேற்றே வேறு யாருக்கோ கொடுத்தாகிவிட்டிருக்கும். கடைசியில் அதே சாலைக் கடைத்தெருவில் ஒரு பழைய துணிக்கடையின் முன் வராந்தாவில் படுத்துக்கொண்டிருந்தார். ஆண்களுக்கான தங்குமிடம் ஒன்று தம்பானூர் பக்கம் உண்டு. அங்கே அவரை எடுத்துக்கொள்வார்கள். அங்கே போவதைவிட வராந்தாவே மேல் என்று அவர் முடிவு செய்ததற்கான காரணத்தை யாரும் அவரிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை.

அவரை ஒரு சாது என்று நினைத்துவிடக் கூடாது. வாய் பொல்லாதது. தலையில் பிச்சிப்பூ இல்லாத நாளில் யாரோடும் முகம்கொடுத்துப் பேச மாட்டார். தன்னைப் பார்த்துச் சிரித்தவளை நினைவில் வைத்திருந்து, மீன்குழம்பு ஊற்றும்போது அவளுக்குத் துண்டு வராமல் கரண்டியைத் திருப்பத் தெரியும். பிள்ளையோடு வந்த ஒரு சின்னப் பெண், பால் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டதற்கு, "உன் மாப்பிள்ளட்ட போய்க் கேளு, எனக்க மடியில கறக்குது பாரு" என்று கத்தி அவளை அழவைத்திருக்கிறார். அரை மணி கழித்து அந்தப் பிள்ளையைத் தானே வாங்கி மடியில் போட்டுக்கொண்டு பாலைப் புகட்டியதும் அவர்தான். ஆனால் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவரிடம் இல்லை.

அவர் அடங்கிப்போவது மாமியிடம் மட்டும். கோட்டைக்குள் அக்ரகாரத் தெருவில் நெடுங்காலம் வாடகை வீட்டில் வாழ்ந்தவர் மாமி. கணவர் போனபின், வெளிநாட்டில் வேலை கிடைத்த ஒரே மகன் அந்த வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டு, வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லி மாமியைத் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் விட்டுப் போனான். தெரிந்தவர் பொறுத்துப் பார்த்துவிட்டு எங்களிடம் கொண்டுவந்து விட்டார். மகன் கூப்பிடுவான், அதுவரைக்கும்தான் இந்த இடம் என்றே மாமி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சுவரோரக் கட்டிலில் மற்றவர்களுக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருப்பார். வந்த முதல் நாட்களில், மீன் வாடை அடிக்கிற சமையல் என்று சாப்பிடவே இல்லை. அக்கா தன் கைக்காசில் ஒரு சின்ன ஈயச் சொம்பு தேடி வாங்கிவந்து, அதில் தனியாக ரசம் வைத்து, மீன் கரண்டி பக்கத்தில் படாமல் மூடி, மாமியிடம் கொண்டுபோய் வைத்தார். மாமி ஒரு வாய் குடித்துவிட்டு, "புளி ஜாஸ்தி" என்றார். மறுநாள் புளி குறைந்தது. பிறகு மாமிக்குக் குளிக்கக் கைகொடுக்க வேண்டிவந்தபோது அதுவும் அக்காவின் வேலையாயிற்று. முதுகு தேய்த்து, தலை துவட்டி, மடிப்பாகப் புடவை சுற்றிவிடுவார். மாமி அவரைப் பெண்ணே என்றுதான் கூப்பிடுவார். அந்த ஒரு சொல்லுக்காக அக்கா என்ன வேண்டுமானாலும் செய்வார் என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்ட சமயத்தில், துணிக்கடைக்காரர் வராந்தாவுக்குக் கம்பிக்கதவு போட்டுவிட்டார். அக்கா காலையில் வரும்போது சேலை முழங்கால்வரை நனைந்திருக்கும். இருமல் ஆரம்பித்தது. எங்கே படுக்கிறீர்கள் என்று கேட்டால், "எங்கயாவது" என்பார். எங்கள் பெரிய அறையில் ஒரு கட்டில் காலியாகக் கிடந்தது. அதில் இருந்த பெண் தன் தங்கையோடு ஊருக்குப் போய்விட்டாள். மெத்தையைச் சுருட்டித் தலைமாட்டில் வைத்திருந்தோம். சூப்பிரண்டிடம் கேட்டுப் பார்க்கட்டுமா என்று நான் சொன்னேன். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கேக்காண்டாம் மக்ளே. கேட்டா இல்லன்னு சொல்லுவாவ. இப்பம் கேக்காததினால இல்லன்னு ஆரும் சொல்லல்ல பாரு. அது அப்படியே கெடக்கட்டு."

அதனால் நான் கேட்காமல் விட்டேன். ஆனால் காய்ச்சல் வந்தது. அரிசியைக் களையும்போது பாத்திரத்தோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். டாக்டர் நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, ஈரத்தில் படுக்கக் கூடாது என்றார். மருந்துச் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு ஆட்டோவில் திரும்பி வருகிற வழியில், அவரே சொன்னார்: "கேளு மக்ளே. மழை விடுகது வரைக்கும் போதும்னு கேளு."

நான் கேட்டேன். சூப்பிரண்டு அந்த வாரம் நல்ல மனநிலையில் இருந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து எங்களுக்கு வகுப்பு எடுத்திருந்தார். வீடற்றவர்களுக்கான சேவையில் சமத்துவம் என்பது தலைப்பு. யார் நம் வாசலுக்கு வருகிறார்கள், யார் வரவே முடியாமல் போகிறார்கள் என்றெல்லாம் அவர் திரையில் படம் போட்டுக் காட்டினார். நன்றாகவே பேசினார். இடைவேளையில் எங்களுக்கு வடையும் சாயாவும் கொண்டுவந்து வைத்தது அக்கா. பயிற்சியாளர் அவருக்கு நன்றி சொல்லி, அவரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். இப்படிப்பட்டவரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம் என்று எல்லோரும் கைதட்டினோம். அந்த வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு பாடம், எந்த முடிவையும் மேலிருந்து எடுக்காதீர்கள், அங்கே தங்கியிருப்பவர்களின் கருத்தைக் கேட்டு எடுங்கள் என்பது.

சூப்பிரண்டு அந்தப் பாடத்தை மனப்பூர்வமாக எடுத்துக்கொண்டிருந்தார். "எனக்கு விரோதம் ஒண்ணும் இல்ல, கேட்டோ," என்றார் என்னிடம். "பட்சே அங்க படுக்கறது நானும் நீயும் இல்லல்லோ. அவங்க அபிப்பிராயம் கேக்கணும். எல்லாரும் சம்மதிச்சா எனக்கு சந்தோஷம்தான்." ஒரு மனுஷிக்குக் கட்டில் கொடுப்பதை மற்றவர்களிடம் கேட்டுத் தீர்மானிக்கலாமா என்று நான் கேட்டேன். அவர் என்னைக் கருணையோடு பார்த்தார். பயிற்சியில் கவனிக்காமல் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்ப்பதுபோல.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, சாப்பாட்டுக் கூடத்திலேயே எல்லோரையும் உட்காரவைத்தார்கள். சமையல்கட்டு அதை ஒட்டித்தான். நடுவில் கதவு இல்லை, ஒரு திரைதான். திரைக்கு அந்தப் பக்கம் அக்கா பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சூப்பிரண்டு விஷயத்தைச் சொன்னதும் அந்தச் சத்தம் நின்றது.

முதலில் பிள்ளைக்காரியான அந்தச் சின்னப் பெண், அக்கா கத்திய கத்தலில் அழுதவள், "படுத்தா படுத்துட்டுப் போட்டுமே, எனக்கென்ன," என்றாள். அவளுக்கு அடுத்தவள் உதட்டைப் பிதுக்கினாள். மீன் துண்டு கிடைக்காதவள் ஒருத்தி, குளிக்கும் இடம் ஒன்றுதானே இருக்கிறது, நாங்கள் எப்படிப் போவது என்றாள். ஆனால் எல்லோருடைய கண்ணும் மாமி பக்கம்தான் இருந்தது. மாமி மற்றவர்களோடு அதிகம் ஒட்டாவிட்டாலும் அவர் வாய்க்கு அங்கே ஒரு மரியாதை உண்டு. படித்தவர், கோட்டைக்குள் வாழ்ந்தவர். தவிர, அக்காவின் கையால் தினமும் பிழைத்துக்கொண்டிருப்பவர். அவர் சரி என்று சொன்னால் எல்லோரும் சரி என்பார்கள் என்று நான் நம்பினேன். திரைக்குப் பின்னால் நின்றவரும் அதையே நம்பியிருப்பார்.

மாமி புடவைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார்.

"சமைக்கறது வேற. அதுக்கு ஒண்ணும் சொல்லலை. பாவமேன்னுதான் தொட விட்டேன். நேக்கும் வேற கதி இல்லையே, கேட்டேளா? அதுக்காகப் பக்கத்துல படுக்க வெச்சுக்கணும்னா எப்படி? நாளைக்கு எம் பிள்ளை வந்து பார்த்தா என்ன நினைப்பான்?"

மாமி சத்தமாகப் பேசவில்லை. கோபமும் இல்லை. கறிகாய்க்காரியிடம் முற்றிய வெண்டைக்காயைத் திருப்பிக் கொடுக்கிற குரலில் சொன்னார். அதற்குப் பிறகு கைகளைத் தூக்கச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆனாலும் சூப்பிரண்டு தூக்கச் சொன்னார். முறைப்படி நடக்க வேண்டும் அல்லவா. பிள்ளைக்காரி தூக்கிய கையைப் பாதியில் இறக்கிக்கொண்டாள். அவளும் அங்கே இருந்தாக வேண்டும்.

சாயா நேரம் ஆகியிருந்தது. திரை விலகியது. அக்கா பெரிய கெட்டிலோடு வெளியே வந்து, வழக்கம்போல இடது கோடியிலிருந்து ஊற்ற ஆரம்பித்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மாமிக்கு மட்டும் தனி டம்ளர், அவருடைய பழைய வீட்டிலிருந்து வந்தது. மாமி அதை நீட்டினார். அக்கா நிறைய ஊற்றினார். நுரை தளும்பி மாமியின் விரலில் பட்டது. மாமி ஸ் என்று கையை உதறிக்கொண்டு, "பார்த்து ஊத்தப்படாதோ, பெண்ணே," என்றார். பெண்ணே என்றுதான் அப்போதும் சொன்னார்.

கெட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு அக்கா போனார். நான் கேட்வரை பின்னால் ஓடினேன். அவர் திரும்பி என்னைப் பார்த்து, "கேட்டாச்சில்லா?" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் அடுப்பு எரியவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள், இவ்வளவு நன்றியில்லாதவளா என்று சூப்பிரண்டுக்கு வருத்தம். ரொட்டி வாங்கிக் கொடுத்துச் சமாளித்தோம். மாமி தன் ஈயச் சொம்பைப் பார்த்துக்கொண்டு, ரசம் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். புதிதாக வந்த சமையல்காரி ஒரே கரண்டியைத்தான் எல்லாவற்றுக்கும் போட்டாள். மாமி சில நாள் முனகினார். பிறகு அதையும் சாப்பிடப் பழகிக்கொண்டார்.

அக்கா எங்கே போனார் என்று பல காலம் தெரியவில்லை. நான் அந்த வேலையை விட்டு, இப்படிப்பட்ட தங்குமிடங்களில் வேலை செய்பவர்களுக்கு வகுப்பு எடுக்கும் வேலைக்கு வந்துவிட்டேன். ஒரு முறை நகரத்தின் வடக்குப் பக்கத்தில், வீட்டிலிருந்து துரத்தப்பட்ட திருநங்கைகளுக்காக அவர்களே சேர்ந்து நடத்தும் ஒரு வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் அவர். முடி நரைத்து, உடம்பு பருத்து, தலையில் பிச்சிப்பூவோடு நின்றார். அங்கே சமைக்கப் போனவர், மெல்ல மெல்ல அந்த வீட்டையே நடத்துபவராகியிருந்தார். அங்கே தங்கியிருந்த பிள்ளைகள் எல்லோரும் அவரை அம்மா என்று கூப்பிட்டார்கள். என்னை உட்காரவைத்து, நான் வேண்டாம் என்றது காதில் விழாததுபோலச் சோறு போட்டார். அந்த வீட்டில் யார் வந்தாலும் முதலில் தட்டு வரும். பெயர், ஊர், அடையாள அட்டை எல்லாம் சாப்பிட்டு முடித்தபின்தான். போலீஸ் துரத்தி வந்தவளையும், குடித்துவிட்டு வந்தவளையும், ஏற்கெனவே அங்கே திருடிவிட்டு ஓடிப்போய்த் திரும்பி வந்தவளையும் அவர் உள்ளே விட்டிருக்கிறார். வாய் மட்டும் மாறவில்லை. திட்டிக்கொண்டேதான் கட்டில் விரிப்பார். நான் வகுப்பில் பலருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாததை அவர் அன்றாடம் செய்துகொண்டிருந்தார்.

மழை மிகுந்த ஒரு வருஷம், பழைய தங்குமிடத்தின் கூரை இறங்கத் தொடங்கியது. கட்டடம் ஆபத்தானது, உடனே காலி செய்யுங்கள் என்று பொறியாளர் சொல்லிவிட்டார். புது சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டு உதவி கேட்டார். இருந்த பெண்களை ஒவ்வொரு இடமாக அனுப்பினோம். கடைசியில் மாமி மிஞ்சினார். அவரால் அப்போது நடக்க முடியாது. இடுப்பு விழுந்திருந்தது. படுக்கையில் கிடப்பவர்களை எடுப்பதில்லை என்று நகரத்தில் எல்லா இடத்திலும் சொன்னார்கள். மகனுடைய பழைய எண்ணில் வேறு யாரோ பேசினார்கள். நகரத்துக்கு வெளியே வித்துரா பக்கத்தில் ஒரு இல்லம் எடுத்துக்கொள்ளும். ஆனால் அதைப் பற்றி நான் கேள்விப்பட்டிருந்தது ஒன்றும் நல்லதாக இல்லை. நான் அக்காவுக்குப் போன் செய்தேன். யார் என்று மறைக்காமல் சொன்னேன்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. பிறகு, "கூட்டிட்டு வா," என்றார்.

மாமியை ஆட்டோவில் ஏற்றி, சாயாமல் இருக்கத் தோளோடு அணைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் மாமி எதையும் கேட்கவில்லை. அந்த வீட்டு வாசலில் ஆட்டோ நின்றதும் பிள்ளைகள் குடையோடு ஓடிவந்தார்கள். ஒருத்தி நாற்காலி கொண்டுவந்தாள், மாமியைத் தூக்கி உட்காரவைத்து உள்ளே கொண்டுபோகலாம் என்று. ஜன்னல் வழியாக முன்னறை தெரிந்தது. விரிப்பு மாற்றிய ஒரு கட்டில் அங்கே இருந்தது.

அக்கா கேட்டுக்கு உள்பக்கம் வந்து நின்றார். தாழ்ப்பாளில் கை வைத்திருந்தார். மாமி ஆட்டோவுக்குள்ளிருந்து தலையை நீட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் மலர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

"நீயா, பெண்ணே! நீ போனப்புறம் நாக்குக்கு ருசியா ஒண்ணு சாப்பிடலை, கேட்டியோ?" என்று சொல்லி, தூக்கிவிடச் சொல்வதுபோல இரண்டு கைகளையும் நீட்டினார். மன்னிப்போ தயக்கமோ அந்த முகத்தில் இல்லை. மறந்துவிட்டாரா, மறக்க வேண்டிய விஷயம் என்று அப்போதே நினைக்கவில்லையா, எனக்குத் தெரியாது.

அக்கா அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், "இங்க எடம் இல்ல," என்றார்.

நாற்காலி கொண்டுவந்த பெண்ணுக்குப் புரியவில்லை. "அம்மே, கட்டில் ஒழிஞ்சுதானே கிடக்கு? நீங்கதானே காலைல விரிச்சீங்க?" என்றாள். இன்னொருத்தி, வேண்டுமானால் என் கட்டிலில் படுக்கட்டும், நான் கீழே படுத்துக்கொள்கிறேன், பாவம் வயசான அம்மை என்றாள். எல்லோருக்குமே சம்மதம். யாரும் கேட்காமலே சொன்னார்கள்.

"எடம் இல்லன்னு சொன்னேன்," என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. கோபத்தில் அவர் கத்தாமல் பேசி அன்றுதான் கேட்டேன். பிள்ளைகள் அதைக் கேட்டு ஒதுங்கி நின்றுவிட்டார்கள்.

நான் கெஞ்சினேன். ஒரு வாரம், இரண்டு நாள், மழை விடும்வரை என்று என்னவெல்லாமோ சொன்னேன். வித்துரா இல்லத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு உள்ளே போனார். மனம் மாறிவிட்டது என்று நினைத்தேன். ஒரு தட்டில் சூடாகச் சோறும், ரசமும், பொரித்த அப்பளமும் கொண்டுவந்து கம்பிக்கு மேலாக என்னிடம் நீட்டினார். "தூரமா போகணும்லா. சாப்பிட்டுட்டுப் போகட்டு."

ஆட்டோவுக்குள்ளேயே மாமிக்கு ஊட்டினேன். மாமி பசியோடு சாப்பிட்டார். விரலில் ஒட்டியதைக்கூட விடவில்லை. அக்கா கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கடைசி வாய்வரை பார்த்தார். தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். ஆட்டோ கிளம்பியபோதுதான், இங்கே இறங்கவில்லையா என்று மாமி என்னைக் கேட்டார். இல்லை மாமி என்றேன். ஏன் என்று கேட்டார். தெருமுனை திரும்பும்வரை தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வித்துரா இல்லத்தில் கழிவறைக் கதவை ஒட்டிய கட்டில்தான் மாமிக்குக் கிடைத்தது. அங்கே யாரும் யாருடைய முதுகையும் தேய்த்துவிடுவதில்லை. நான் போனபோதெல்லாம் புடவை இல்லாமல் நைட்டியோடு கிடந்தார். முதுகில் படுக்கைப் புண். அங்கிருந்து மாற்ற நான் தட்டிய கதவுகள் எதுவும் திறக்கவில்லை. ஒரு முறை, "அவ என்னைப் பத்திக் கேட்டாளா?" என்றார். கேட்டார் என்று பொய் சொன்னேன். "கேப்பா. நேக்குத் தெரியும். பாசக்காரி," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். குளிர்காலம் முடிவதற்குள் இறந்துபோனார். மகன் வரவில்லை. இல்லத்து ஆட்களும் நானும்தான்.

சுடுகாட்டிலிருந்து அக்காவுக்குப் போன் செய்தேன். சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "செரி," என்றார். பிறகு, "அடுப்புல பால் இருக்கு மக்ளே," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

வகுப்புகளில் நான் இந்தக் கதையை இதுவரை சொன்னதில்லை. சொன்னால் கேட்பவர்கள் உடனே மாமி சரியா, அக்கா சரியா என்று ஆரம்பித்துவிடுவார்கள். யார் நல்லவள், யாருக்குக் கொடுக்கலாம் என்று ஏற்கெனவே நாள்முழுதும் எடைபோட்டுக்கொண்டிருப்பவர்கள்தான் அவர்கள். ஒருத்திக்குக் கூரை வேண்டுமா வேண்டாமா என்பதை இன்னொருத்தியின் மனசிடம் விடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். கைதூக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். இரக்கத்தையும் நம்பாதீர்கள். இரக்கம் உள்ளவர்களுக்கும் ஒரு நாள் இருக்கும், அது இல்லாமல் போகிற நாள். வகுப்பில் இருப்பவர்கள் குறிப்பு எடுத்துக்கொள்வார்கள். அக்காவைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. மாமியின் முதுகுப் புண்ணை நினைத்தால் மன்னிக்கவும் முடியவில்லை.

போன மாதம் ஒரு பெண்ணை அந்த வீட்டில் கொண்டுபோய் விட்டேன். கழக்கூட்டம் பகுதியில் வாடகை வீட்டிலிருந்து துணிமணியோடு தெருவில் தள்ளப்பட்டவள். எடுத்த எடுப்பிலேயே அக்காவைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். அக்கா பதிலுக்கு அதைவிட மோசமாகத் திட்டிவிட்டு, முன்னறைக் கட்டிலில் அவளை உட்காரவைத்தார். நான் கிளம்பும்போது வழியனுப்ப வாசல்வரை வந்தார். நான் எதையும் கேட்கவில்லை. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அவராகத்தான் பேசினார்.

"மழை பெய்தா அந்த ஆட்டோ ஞாபகம் வரும் மக்ளே. திரும்பவும் அவுங்க வந்து நிக்கிற மாதிரி நெனச்சுப் பாப்பேன். கையை நீட்டுவாவ. எத்தனையோ தடவ நெனச்சுப் பாத்தாச்சு." சேலைத் தலைப்பால் முகத்தில் விழுந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். "ஒரு தடவகூட நான் தெறக்கல்ல."

உள்ளே புதிதாக வந்தவள் சோறு எங்கே என்று கத்தினாள். "வாறேன் நாயே, வாறேன்," என்று சொல்லிக்கொண்டு அக்கா உள்ளே போனார்.